வெட்டி எறிந்த காட்சிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஊடகங்களைப் பகுத்துப் பார்க்கும் பழக்கத்தை மாணவர்களிடம் வளர்க்க வேண்டுமானால் அவர்களையே காணொளி எடுக்க வைக்கலாம் என்று முந்தைய இதழ் ஒன்றில் எழுதியிருந்தேன். அதையொட்டி ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் நடுநிலை வகுப்புகளுக்கு மொழிப்பாடம் எடுக்கிறேன். விளம்பரங்களையும் செய்தி நறுக்குகளையும் வகுப்பில் அலசுகிறோம்; மாணவர்கள் நன்றாகவே பதில் சொல்கிறார்கள். பிறகு எதற்காக அவர்களைக் காணொளி எடுக்கச் சொல்ல வேண்டும்? நேரம் வீணாகாதா?

பதில்: அலசுவதை நிறுத்த வேண்டாம். ஆனால் அந்த வகுப்பில் மாணவர்கள் தரும் பதில்களைச் சற்று உற்றுக் கேளுங்கள். "விளம்பரம் என்றால் மிகைப்படுத்தத்தான் செய்வார்கள்", "தலைப்பை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது" என்பார்கள். இவை ஆசிரியர் எதிர்பார்க்கும் விடைகள். தேர்வுக்காகப் படித்த விடைகளைப் போலவே மணி அடித்ததும் வகுப்பறையிலேயே தங்கிவிடுபவை. நடுங்கும் கையால் எடுத்ததுபோல் தோன்றும் அரைநிமிடக் காட்சி ஒன்று கைப்பேசிக்கு வந்து சேர்ந்தால், "இதில் எடிட்டிங்கே இல்லையே, யாரோ நேரில் எடுத்திருக்கிறார்கள்" என்று அதே மாணவர்கள் நம்பிவிடுவார்கள். பளபளப்பைச் சந்தேகிக்கப் பழகியவர்கள் பளபளப்பில்லாத எதையும் அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். கேமரா இருப்பதை இருந்தபடியே காட்டும் என்ற எண்ணம் மனத்தின் அடியில் அசையாமல் கிடப்பதுதான் இதற்குக் காரணம்.

அந்த எண்ணத்தைப் பேச்சால் அசைப்பது கடினம். கேமராவைக் கையில் பிடித்து, எங்கே நிற்பது என்று தாங்களே முடிவெடுக்கும்போது அது தானாக ஆட்டம் காணும். நான் பார்த்த ஒரு வகுப்பில் ஆசிரியை 12 மாணவர்களை நீண்ட நடைக்கூடம் ஒன்றில் முன்னும் பின்னுமாக நிற்க வைத்து, யாரும் இடம் மாறக் கூடாது என்று சொல்லிவிட்டு, இரண்டு குழுக்களுக்கு இரண்டு தாள்களைக் கொடுத்தார். ஒன்றில் "நடைக்கூடம் நெரிசலில் திணறுகிறது" என்றும், மற்றொன்றில் "நடைக்கூடம் வெறிச்சோடிக் கிடக்கிறது" என்றும் எழுதியிருந்தது. முதல் குழு நடைக்கூடத்தின் கடைசி வரை போய், அங்கிருந்து ஜூம் செய்து எடுத்தது. மூன்று நான்கு அடி தள்ளித் தள்ளி நின்றவர்கள் அந்தப் படத்தில் தோளோடு தோள் உரசி நிற்பவர்களாகத் தெரிந்தார்கள். இரண்டாவது குழு அருகில் வந்து, கைப்பேசியை இடுப்பளவுக்குத் தாழ்த்தி, வெறுந்தரையும் சுவரும் படத்தின் பெரும்பகுதியை நிறைக்கும்படி எடுத்தது. தொலைவிலிருந்து பார்க்கும்போது பொருள்களுக்கு இடையிலுள்ள ஆழம் சுருங்கித் தெரியும் என்பது வேடிக்கை வித்தை இல்லை, சாதாரண ஒளியியல்தான். இரண்டு குழுக்களில் எதுவும் பொய் சொல்லவில்லை. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துத் திரையில் போட்டபோது ஒரு மாணவன், "அப்படியானால் எது உண்மையான நடைக்கூடம்?" என்று கேட்டான். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை மணிக்கு எடுத்தது என்று சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்" என்றாள். படத்துக்குள் விடை இல்லை, வெளியே போய்த் தேட வேண்டும் என்பதை அவள் ஆசிரியை சொல்லாமலே கண்டுகொண்டாள். 40 நிமிட வகுப்பில் இதைவிடப் பெரிய பலனை நான் எதிர்பார்க்க மாட்டேன்.

இது புதிய யோசனையும் இல்லை. 1920-களில் பிரான்சில் செலஸ்தேன் ஃபிரேனே என்ற பள்ளி ஆசிரியர் வகுப்பறைக்குள் அச்சுப்பொறியைக் கொண்டுவந்து, பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே அச்சுக்கோத்து வெளியிடும்படி செய்தார். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய குழந்தை, "அச்சில் வந்துவிட்டது, ஆகவே சரியாகத்தான் இருக்கும்" என்று பிற்காலத்தில் எளிதில் சொல்லாது. அன்று அச்சுக்கு இருந்த அதிகாரம் இன்று அசையும் படத்திடம் இருக்கிறது.

கேள்வி: என் வகுப்பில் 45 பேர். ஒரு கைப்பேசிதான் உண்டு; அதுவும் என்னுடையது. கால அட்டவணையில் இரண்டு வகுப்பு நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாது. இதற்குள் உருப்படியாக எதையாவது செய்ய முடியுமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். கருவி குறைவாக இருக்கும்போது மாணவர்கள் படம் பிடிப்பதில் மூழ்கிப்போகாமல், எதைப் பிடிப்பது என்று பேசுகிறார்கள். நமக்கு வேண்டியது அந்தப் பேச்சுதான்.

1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்ய இயக்குநர் லேவ் குலேஷோவ் செய்து பார்த்த ஒரு சோதனையை உங்கள் வகுப்புக்குப் பரிந்துரைக்கிறேன். இவான் மொஸ்ஜுகின் என்ற நடிகரின் சலனமற்ற முகத்தை ஒரு கிண்ணம் சூப், சவப்பெட்டி, ஓர் இளம்பெண் ஆகிய மூன்று காட்சிகளோடு அவர் தனித்தனியே இணைத்துக் காட்டினார். முகம் மூன்றிலும் ஒன்றுதான் என்றாலும், பார்த்தவர்கள் அதில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டு நடிப்பைப் பாராட்டினார்கள் என்று அவரோடு பணியாற்றியவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் படச்சுருள் இன்று இல்லை. உங்களிடம் கைப்பேசி இருப்பதால் அது ஒரு குறையும் இல்லை.

முதல் வகுப்பில், முன்வரும் மாணவர் ஒருவரை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். புத்தகங்களை அடுக்கி அவற்றின் மேல் கைப்பேசியைச் சாய்த்து, அவருடைய முகத்தைக் குளோசப்பில் 10 விநாடி எடுங்கள். லென்சைப் பார்க்காமல் அதற்குச் சற்றுப் பக்கத்தில் பார்க்கச் சொல்லுங்கள். எந்த உணர்ச்சியையும் காட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அடுத்து மூன்று பொருள்களைத் தலா 4 விநாடி எடுங்கள்: கிழிந்த விடைத்தாள் ஒன்று, பரிசுப்பொட்டலம் ஒன்று, யாரும் உட்காராத நாற்காலி ஒன்று. முகம், பொருள், மறுபடியும் முகம் என்ற வரிசையில் மூன்று சிறு படங்கள் கிடைத்துவிடும். இந்தத் தொகுப்பு வேலையை நான்கு மாணவர்கள் சேர்ந்து உங்கள் மேசையிலேயே கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள்.

இரண்டாவது வகுப்பில் மற்றவர்களை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு படத்தை மட்டும் காட்டி, "இவர் இப்போது என்ன நினைக்கிறார்?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதச் சொல்லுங்கள். எழுதியவற்றை உரக்க வாசித்த பிறகு மூன்று படங்களையும் எல்லோருக்கும் காட்டுங்கள். கடைசியாக, நடித்த மாணவரை எழுந்து நின்று, தான் அப்போது எதை நினைத்தார் என்று சொல்லச் சொல்லுங்கள். நான் இதைச் செய்தபோது ஒரு சிறுவன், "கண்ணைச் சிமிட்டிவிடக் கூடாது என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றான். "தோல்வியில் உடைந்துபோயிருக்கிறான்" என்று எழுதியிருந்த பிள்ளைகள் தங்கள் தாளையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

சோதனை சில வேளைகளில் பலிக்காது. நடிப்பவர் வகுப்பிலேயே வேடிக்கைக்காரர் என்று பெயர் எடுத்தவராக இருந்தால் எந்தக் காட்சியோடு இணைத்தாலும் பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்போது ஏன் சிரித்தார்கள் என்று கேளுங்கள்; முன்பே தெரிந்தவரைப் பற்றி நமக்கிருக்கும் அபிப்பிராயம் படத்துக்குள் புகுந்துவிடுகிறது என்ற வேறொரு நல்ல பாடத்துக்கு அது வழிவிடும். நேரம் மிஞ்சினால் ஒரே படத்தை ஒருமுறை விறுவிறுப்பான இசையோடும், ஒருமுறை ஒலியே இல்லாமலும் போட்டுக் காட்டுங்கள். படத்தைவிட ஒலி எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்ட மாணவர், மனத்தைக் கலக்கும் காட்சி எதைக் கண்டாலும் ஒலியை அடைத்துவிட்டு ஒருமுறை பார்க்கப் பழகுவார்.

கேள்வி: எந்த எடிட்டிங் செயலி நல்லது? கேமரா, மைக், டிரைபாட் எல்லாம் வாங்க வேண்டுமா?

பதில்: துண்டை வெட்டவும், துண்டுகளை இணைக்கவும், ஒலியைத் தனியாகக் கூட்டிக் குறைக்கவும் முடிகிற எந்தச் செயலியும் போதும், பெரும்பாலான கைப்பேசிகளில் இந்த வசதிகள் முன்பே இருக்கின்றன. மினுமினுக்கும் எஃபெக்டுகளை முதல் சில வாரங்களுக்குத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏதாவது வாங்கியே ஆக வேண்டுமென்றால் சட்டையில் செருகும் சிறு மைக் ஒன்று வாங்கலாம், ஏனென்றால் காது புரிந்துகொள்ள முடியாத பேட்டியை யாரும் அலச முடியாது.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி. "வாசிப்பு குறைந்துவிட்டதா?" என்ற காணொளிக்காக எங்கள் குழு பள்ளி நூலகரைப் பேட்டி கண்டது. அவர் 7 நிமிடம் பேசினார். படத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டோம். அதைப் பார்த்துவிட்டு, "நான் இப்படிச் சொல்லவே இல்லையே" என்று வருத்தப்பட்டார். அவர் சொன்ன ஒரு சொல்லைக்கூட நாங்கள் மாற்றவில்லை. அந்தப் பகுதியை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். நாங்கள் செய்தது தவறா?

பதில்: முழுப் பகுதியையும் மறைக்காமல் அனுப்பியதற்கு உன்னைப் பாராட்டுகிறேன். பல பெரியவர்கள் அதைச் செய்திருக்க மாட்டார்கள்.

நூலகர் சொன்னது இது: "கதைப் புத்தகங்களை இப்போது யாரும் என்னிடம் கேட்டு வருவதில்லை. தாங்களே அலமாரியில் தேடி எடுத்துக்கொள்கிறார்கள். போன மாதம்தான் இன்னும் ஓர் அலமாரி போட்டோம்." நீங்கள் வைத்துக்கொண்டது முதல் வாக்கியம் மட்டும். பிள்ளைகள் இப்போது அதிகம் படிக்கிறார்கள் என்று மகிழ்ச்சியோடு சொல்ல வந்தவர், யாரும் படிப்பதில்லை என்று வருந்துபவராக உங்கள் படத்தில் மாறிவிட்டார். சொல் எதுவும் மாறவில்லை என்பது உண்மைதான். ஆனால் முற்றுப்புள்ளிக்கு அடுத்து வந்ததை எடுத்துவிட்டதால் பொருள் தலைகீழாகிவிட்டது. வெட்டு என்பது எழுத்தில் ஒரு வரியை அடிப்பதைப் போன்றது; மிச்சமுள்ள வரிகள் என்ன சொல்கின்றன என்பதற்கு அடித்தவரே பொறுப்பு.

உன் கடிதத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அந்த வாக்கியம் ஒலிக்கும்போது திரையில் காலியான நாற்காலிகளைக் காட்டியிருக்கிறீர்கள். அவற்றைப் பள்ளி விட்ட பிறகு எடுத்ததாக எழுதியிருக்கிறாய். பேச்சை வெட்டி ஒட்டிய இடத்தில் பேசுபவரின் முகம் சட்டென்று துள்ளும். அந்தத் துள்ளலை மறைக்க அலமாரி, கை, ஜன்னல் என்று வேறொரு காட்சியை மேலே போர்த்துவது தொழில்முறை எடிட்டர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். இருமலையும் தடுமாற்றத்தையும் நீக்க அதை நேர்மையாகவே பயன்படுத்துகிறார்கள். உங்கள் நாற்காலிகளோ துள்ளலை மறைத்ததோடு நிற்காமல் வெட்டிய வாக்கியத்துக்குச் சாட்சியும் சொல்லிவிட்டன. இனிமேல் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் பேசுபவரின் முகம் மறைந்து கைவிரல்கள் தெரியும்போது, அந்த இடத்தில் ஏதோ வெட்டப்பட்டிருக்கலாம் என்று உனக்குத் தோன்றும். அந்தக் கண்ணை உனக்குத் தந்தது இந்தத் தவறுதான்.

ஏன் இப்படி நேர்ந்தது என்று உங்கள் குழுவில் பேசிப் பாருங்கள். பேட்டிக்குப் போகும் முன்பே "வாசிப்பு குறைந்துவிட்டது" என்று முடிவு கட்டியிருந்தீர்களா? முடிவு முதலில் வந்துவிட்டால், 7 நிமிடப் பேச்சில் அதற்கு ஒத்துவரும் ஒரு வாக்கியம் எப்படியும் கிடைத்துவிடும். இப்போது செய்ய வேண்டியது எளிது. நூலகரிடம் மன்னிப்புக் கேளுங்கள். மூன்று வாக்கியங்களும் வரும்படி மறுபடியும் தொகுத்து அவரிடம் காட்டுங்கள். அவர் சம்மதித்தால் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் அடுத்தடுத்து வகுப்பில் போட்டுக் காட்டுங்கள்.

ஆனால் பேட்டி கொடுத்தவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகவே ஒரு பகுதியை நீக்க வேண்டும் என்று இதிலிருந்து முடிவு செய்துவிடாதே. பொறுப்பில் இருப்பவர் ஒருவர் தான் தெளிவாகச் சொன்னதையே பிறகு மறைக்க விரும்பலாம். அவர் சொல்ல வந்த பொருள் படத்தில் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பார். இருக்கிறது என்றால், அவர் முகம் சுளித்தாலும் நீ அதை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மாணவர்களின் காணொளிகளுக்கு எப்படி மதிப்பெண் போடுவது? போன முறை நன்றாக எடிட் செய்யத் தெரிந்த அண்ணன் இருக்கும் பிள்ளைகளே முதலிடம் பெற்றார்கள். இன்னொரு குழு தொலைக்காட்சிச் செய்தியை இசை, மைக், ஆவேசக் குரல் உட்பட அச்சு அசலாக நகலெடுத்துக்கொண்டு வந்தது.

பதில்: அழகுக்கு மதிப்பெண் போட்டால் அழகுதான் கிடைக்கும். தொழில்நுட்பத் திறமையும் நகலெடுப்பும் விமர்சனப் பார்வையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆபத்தைப் பற்றிப் பிரிட்டனின் ஊடகக் கல்வியாளர் லென் மாஸ்டர்மன் 1980-களிலேயே எச்சரித்திருக்கிறார். கைப்பேசி வந்த பிறகு அந்த ஆபத்து பெருகியிருக்கிறது.

ஒவ்வொரு குழுவும் ஒரு தொகுப்புக் குறிப்பேடு வைத்துக்கொள்ளட்டும். எடுத்த ஷாட்டுகள், அவற்றில் விட்டுவிட்டவை, விட்டதற்கான காரணம், விட்டதைச் சேர்த்திருந்தால் பார்ப்பவர் என்ன நினைத்திருப்பார் என்ற ஊகம் ஆகியவற்றை அதில் சொந்த வார்த்தைகளில் எழுத வேண்டும். பாதி மதிப்பெண்ணாவது இதற்குப் போகட்டும். மதிப்பெண் வரும் வரை வெட்டி எறிந்த துண்டுகள் எதையும் அழிக்கக் கூடாது என்பது என் வகுப்பில் மாறாத விதி. மதிப்பீட்டு நாளில் அந்தத் துண்டுகளில் ஒன்றை நானே எடுத்து, "இதை நடுவில் செருகினால் உங்கள் படம் என்ன சொல்லும்?" என்று கேட்பேன். அண்ணன் எடிட் செய்த படமாக இருந்தால் குழு விழிக்கும். தாங்களே உட்கார்ந்து வெட்டிய குழு சண்டை போட்டுக்கொண்டே பதில் சொல்லும். முழு மதிப்பெண்ணுக்கு உரியது அந்தச் சண்டைதான்.

தொலைக்காட்சியை நகலெடுத்த குழுவைக் கடிந்துகொள்ள வேண்டாம். அதே செய்தியை இசை இல்லாமலும், நாற்காலியில் உட்கார்ந்து பேசும் சாதாரணக் குரலிலும் இன்னொரு முறை எடுத்துவரச் சொல்லுங்கள். ஆவேசம் போன பிறகு செய்தியில் என்ன மிஞ்சுகிறது என்று அவர்களே எழுதட்டும்.

கேள்வி: பொய்ச் செய்தியை எப்படித் தயாரிக்கிறார்கள் என்று புரியவைக்க, மாணவர்களையே ஒரு பொய்க் காணொளி எடுக்கச் சொல்லலாமா? சக ஆசிரியர்கள் எதிர்க்கிறார்கள்.

பதில்: சகாக்களின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது, பயிற்சியிலும் பயன் இருக்கிறது. வலுக்குறைந்த கிருமியைச் செலுத்தி உடலை நோய்க்குத் தயார்ப்படுத்துவதுபோல், வலுக்குறைந்த பொய்யை முன்கூட்டியே காட்டி மனத்தைத் தயார்ப்படுத்தலாம் என்ற கருத்தை அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மெக்வயர் 1960-களின் தொடக்கத்தில் முன்வைத்தார். அந்த வழியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெதர்லாந்துக் குழு ஒன்றுடன் சேர்ந்து, ஆடுபவரே பொய் பரப்புபவராக நடிக்கும் இணைய விளையாட்டு ஒன்றை 2018-இல் வெளியிட்டார்கள்.

வகுப்பில் செய்வதானால் எல்லைகளை முன்பே வகுத்துவிடுங்கள். உண்மையான மனிதர், சமூகம், நோய், விபத்து எதுவும் பொருளாக இருக்கக் கூடாது. "பள்ளிக் கடிகாரம் இரவில் பின்னோக்கி ஓடுகிறது" என்பது போன்ற தீங்கற்ற கற்பனைகளே போதும். "வகுப்புப் பயிற்சி, உண்மையல்ல" என்ற எழுத்து படம் முழுவதும் திரையின் நடுவில் தெரிய வேண்டும். ஒவ்வொரு பொய்ப் படத்தோடும், அது எப்படிச் செய்யப்பட்டது என்று காட்டும் இன்னொரு படத்தையும் அதே குழு ஒப்படைக்க வேண்டும். கோப்புகள் ஆசிரியரின் கருவியைத் தாண்டி எங்கும் போகக் கூடாது.

இந்தப் பயிற்சியில் நான் அதிகம் அஞ்சுவது வேறொன்று. பொய் செய்வது இவ்வளவு எளிது என்று கண்ட பிள்ளைகள் சிலர், "அப்படியென்றால் எல்லாமே பொய்தான்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எதையும் நம்பாதவரும் எல்லாவற்றையும் நம்புபவரைப் போலவே எளிதில் ஏமாறுவார், ஏனென்றால் இருவருமே சோதித்துப் பார்ப்பதில்லை. ஆகவே மறுவாரமே எதிர்ப்பயிற்சியையும் கொடுங்கள்: நம்ப முடியாததாகத் தோன்றும் ஓர் உண்மையை எடுத்துக்கொண்டு, சந்தேகப்படுகிற ஒருவரை ஒரே நிமிடக் காணொளியால் நம்ப வைக்க வேண்டும். வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுப்பது, அளவுகோலைப் பக்கத்தில் வைப்பது, இரண்டாவது சாட்சியைப் பேச வைப்பது என்று பிள்ளைகள் தாங்களாகவே வழிகளைக் கண்டுபிடிப்பார்கள். ஒன்றை மெய்ப்பிக்க எவ்வளவு உழைப்பு தேவை என்று உணர்ந்தவர்களுக்கு, அந்த உழைப்பைச் செய்கிற நல்ல செய்தியாளர்மேல் மரியாதை பிறக்கும்.

கேள்வி: பள்ளியில் எடுக்கும் காணொளியில் என் மகளின் முகமும் குரலும் இருக்கின்றன. அது இணையத்தில் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் அவளுடைய மதிப்பெண் போய்விடுமா?

பதில்: போகக் கூடாது. கேமராவுக்குப் பின்னால் செய்ய வேண்டிய வேலைகள் முன்னால் இருப்பதைவிட அதிகம். அவற்றில் எதைச் செய்தாலும் முழு மதிப்பெண் பெற வழி இருக்க வேண்டும் என்று ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். வகுப்புக்குள் காட்டுவதற்குத் தரும் சம்மதமும் இணையத்தில் ஏற்றுவதற்குத் தரும் சம்மதமும் வெவ்வேறானவை. இரண்டையும் ஒரே படிவத்தில், ஒரே கையெழுத்தில் வாங்குவது சரியில்லை. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16-வது பிரிவு குழந்தையின் அந்தரங்கத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது. அதே உடன்படிக்கையின் 12-வது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையையும் குழந்தைக்குத் தருகிறது. ஆகவே முதலில் உங்கள் மகளிடம் கேளுங்கள்.

முகம் இல்லாமலும் நல்ல படம் எடுக்கலாம். கைகள், நிழல்கள், வரைந்த படங்கள், காகிதப் பொம்மைகள், பின்னணிக் குரல் ஆகியவற்றை மட்டும் வைத்து எடுத்த படங்களில்தான் பிள்ளைகள் ஷாட்டைப் பற்றி ஆழமாக யோசித்திருப்பதைக் கண்டிருக்கிறேன். ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: கைப்பேசியில் இருப்பிடப் பதிவு இயங்கினால், எடுத்த இடத்தின் விவரம் கோப்போடு சேர்ந்துவிடும். எடுக்கும் முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: இப்போது செயற்கை நுண்ணறிவே கேமரா இல்லாமல் காணொளி தயாரித்துவிடுகிறது. இந்தக் காலத்தில் ஷாட், எடிட்டிங் என்று கற்றுக்கொடுப்பதால் பிள்ளைகள் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார்களா?

பதில்: அது மட்டும் போதாது. படம் எடுக்கக் கற்றவர் ஒரு காட்சி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார். அது எங்கிருந்து வந்தது என்று தேடும் பழக்கத்தைத் தனியாகத்தான் கற்க வேண்டும்.

2019-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் அமெரிக்காவின் 3,446 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பங்கேற்றார்கள். வாக்குப்பெட்டிக்குள் கள்ள வாக்குகளைத் திணிக்கும் தெளிவற்ற காணொளி ஒன்று அமெரிக்கத் தேர்தலில் நடந்ததாகச் சொல்லி அவர்களுக்குக் காட்டப்பட்டது. அது ரஷ்யாவில் எடுக்கப்பட்டது. இணையத்தில் தேடிப் பார்க்க அனுமதி இருந்தும், 52 விழுக்காட்டினர் அதை அமெரிக்க முறைகேட்டுக்கு வலுவான சான்று என்று நம்பினார்கள். அதன் மூலத்தைக் கண்டுபிடித்தவர்கள் மொத்தத்தில் மூன்றே பேர். அந்தக் காணொளி போலி இல்லை என்பதைக் கவனியுங்கள். கேமரா பதிவுசெய்தது நடந்ததைத்தான்; பொய் முழுவதும் அதன்மேல் ஒட்டப்பட்ட விளக்கத்தில் இருந்தது. பிக்செல்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருந்தாலும் அது பிடிபட்டிருக்காது.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் எழுதிய ஆய்வில், உண்மை சரிபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள், அறிமுகமில்லாத ஓர் இணையப் பக்கத்தைக் கண்டதும் அதைவிட்டு வெளியேறி, மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று புதிய தாவல்களைத் திறந்து தேடினார்கள் என்று காட்டினார்கள். வரலாற்றுப் பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். செயற்கை நுண்ணறிவுக் காணொளிகளில் ஆறு விரல் உள்ள கை போன்ற குறைகளைத் தேடும்படி சொல்லிக்கொடுப்பதற்கு நான் மிகக் குறைந்த நேரமே ஒதுக்குவேன். அந்தக் குறைகளை அடுத்த மாதப் பதிப்பில் திருத்திவிடுவார்கள். யார் முதலில் வெளியிட்டார், எப்போது, அந்த இடத்தில் இருந்த வேறு யாராவது அதைப் பதிவுசெய்திருக்கிறார்களா என்ற கேள்விகள் பழையவையாக ஆவதில்லை. நடைக்கூடத்தில் "எத்தனை பேர் நின்றார்கள்?" என்று கேட்ட பெண் தேடியதும் இதைத்தான். ஆகவே ஒவ்வொரு காணொளிப் பயிற்சிக்கும் பிறகு, வெளியிலிருந்து வந்த ஒரு காட்சியின் மூலத்தைத் தேடும் அரைமணி நேரப் பயிற்சியைச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் பள்ளித் தலைமையாசிரியர். "நம் பள்ளியைப் பற்றி ஒரு படம்" என்ற பயிற்சியில், ஒரு குழு பழுதான குடிநீர்க் குழாயைப் படம் பிடித்து, நிர்வாகத்தைக் குறை சொல்லியிருக்கிறது. இதைப் பள்ளி விழாவில் காட்ட வேண்டும் என்கிறார்கள். தடுத்தால் நான் சொல்லிக்கொடுக்கும் ஊடகக் கல்விக்கே பொருள் இல்லாமல் போய்விடும் என்றும் தோன்றுகிறது.

பதில்: உங்களுக்குத் தோன்றுவது சரி. 1982-இல் ஜெர்மனியின் குருன்வால்டில் 19 நாடுகளின் பிரதிநிதிகள் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில் ஊடகக் கல்வி பற்றிய பிரகடனத்தை ஏற்றார்கள். குடிமக்கள் ஊடகத்தை விமர்சனப் பார்வையோடு புரிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அந்தப் பார்வை பள்ளி வாசலில் நின்றுவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.

நல்ல செய்தி ஆசிரியர் ஒருவர் தன் நிருபரிடம் கேட்பதையெல்லாம் அந்தக் குழுவிடம் கேளுங்கள். குழாய் எத்தனை நாளாகப் பழுதாக இருக்கிறது? எப்படித் தெரியும்? மற்றக் குழாய்கள் வேலை செய்கின்றனவா? செய்கின்றன என்றால் அவற்றை ஏன் காட்டவில்லை? பழுதுபார்க்க வேண்டியவரிடம் பேசினார்களா? இவற்றுக்கெல்லாம் பதில் இருந்தால் அது திறமையான படம், விழாவில் காட்டுங்கள். பதில் இல்லையென்றால் தேடிக்கொண்டு வரும்படி இன்னொரு வாரம் கொடுங்கள். அதைக் காலம் கடத்தும் உத்தியாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

அந்த வாரத்துக்குள் குழாயைச் சரிசெய்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்றபடியே உங்களைப் பேட்டி எடுக்கச் சொல்லுங்கள். ஏன் இத்தனை நாள் ஆனது என்பதை மறைக்காமல் பேசுங்கள். பிறகு படத்தோடு அவர்களுடைய தொகுப்புக் குறிப்பேட்டையும் வாங்கி, உங்கள் பேச்சில் எதை வைத்துக்கொண்டார்கள், எதை எதற்காக விட்டார்கள் என்று அவர்களோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.